ஒன்பதாம் எண் குழாய்

ஜூன் 5, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஐந்து மாதமாகப் பீரோவில் கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்தேன். நாளைக்கு ஏதாவது ஆகி, "எப்போம்மா நடந்துச்சு?" என்று யாராவது கேட்டால் தேதியோடு சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருடமாக இந்த லேபில் சீனியர் டெக்னீஷியன். இங்கே எதுவும் சும்மா நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஹானா ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார். கருப்பை வாய்ப் புற்று வந்த பெண்களின் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். நோய் இருந்த இடத்திலேயே இருந்தால் எவ்வளவு, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டால் எவ்வளவு, ரத்தத்தை வைத்தே அதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறார். நோயாளிகளின் ரத்தம் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு எங்கே போவது? எந்த லேபிலும் நடக்கிற வழக்கம்தான், ஸ்டாஃபைப் பிடித்துக் கையை நீட்டச் சொல்வது. இன்றைக்குப் பன்னிரண்டு பெண்கள் கை நீட்டினோம். எஸ்-1 முதல் எஸ்-12 வரை. எந்த எண் யாருடையது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, அலமாரியில் பூட்டிவிட்டார்.

படிவத்தில் ஏகப்பட்ட கேள்வி. கடந்த மூன்று ஆண்டுக்குள் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்து, எல்லாம் சரி என்று வந்ததா? வேறு தொந்தரவு ஏதாவது உண்டா? மளமளவென்று டிக் போட்டுக் கொடுத்தேன். பின்னால் ஆள் நிற்கும்போது படித்துக்கொண்டா இருக்க முடியும்?

என் குழாயில் என்ன எண் ஒட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

வரும் வழியில் குக்கருக்கு கேஸ்கட் வாங்கினேன்.

ஜூன் 7, புதன்

ஜெபசிங்கைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்து ஆள், முப்பத்தெட்டு வயது. ஏப்ரலில் ஒப்பந்த வேலைக்கு வந்தார். ஜூலை 31-க்கு மேல் நீட்டிப்பார்களா என்று இப்போதே டாக்டரைச் சுற்றுகிறார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கே ஈரோட்டுக்கே வந்துவிட்டார்கள். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

அவர் கைகளில் தோல் உரிகிறது. விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செதில். சோரியாசிஸாம். "ஒட்டாதுக்கா, பயப்படாதீங்க" என்றார். ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வேறு பயம். நாங்கள் அளக்கும் புரதம் மனிதத் தோலிலும் எச்சிலிலும் எக்கச்சக்கமாக உண்டு. மூடி திறந்த குழாய்க்கு மேலே பேசினாலோ, வெறும் விரல் பட்டாலோ அளவு ஏறிவிடும். அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவரை என்ன சொல்ல!

ஜூன் 12, திங்கள்

ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அளக்க முதல் தட்டை மிஷினில் ஓட்டினோம். குழாய்களைக் கையாண்டவர் ஜெபசிங். ஸ்டாஃப் பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்கு ஒன்றுக்குக் கீழே. ஒன்றரை வரை இருக்கலாம். எஸ்-9 மட்டும் 6.8.

"அக்கா, இது என்னது?" என்று என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டா? உங்க கையைக் கேளுங்க" என்றேன்.

"கையுறை ரெண்டு போட்டிருக்கேங்க்கா."

"ரெண்டு போட்டா மட்டும்? மாட்டறப்பவே வெளிப்பக்கம் செதில் ஒட்டியிருக்கும்."

முகம் சுருங்கிப் போனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வேலை நடக்குமா?

ஜூன் 13, செவ்வாய்

அவரே மறுபடி ஓட்டினார். 7.0. அதே கை, வேறு எப்படி வரும்?

இடுப்பு வலி. லேபில் இருக்கிற ஸ்டூல் சரியில்லை. புது ஸ்டூல் கேட்டு எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது.

ஜூன் 20, செவ்வாய்

ஜவுளிச் சந்தைக்குப் போய் மூன்று சேலை எடுத்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று கரும்பச்சை, ஒன்று காப்பிப்பொடி நிறம். "ஏம்மிணி, எப்பவும் வெளிர் கலர்தானே எடுப்ப?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வயசு ஐம்பத்திரண்டு ஆச்சு, இனி என்ன வெளிர் கலர் என்றேன். மருந்துக் கடையிலும் ஒரு பாக்கெட் வாங்க வேண்டியிருந்தது. ஓசூரிலிருந்து மகள் வருகிறாள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

ஜூன் 21, புதன்

மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தால், ஜெபசிங் மைனஸ் எண்பதைத் திறந்து வைத்து நிற்கிறார். சீரம் வைக்கிற குளிர்பெட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தனியாக நிற்கிறார். என்னைப் பார்த்ததும் பட்டென்று சாத்தினார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. ஐஸ் அடைச்சிருக்கான்னு பாத்தேன்."

ஐஸாம்! யார் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்? அவர் போனதும் பெட்டியைத் திறந்து எண்ணினேன். ஒவ்வொருவர் சீரத்தையும் நான்கு சின்னக் குழாய்களாகப் பிரித்து வைத்திருந்தோம். எஸ்-9-ல் முதல் இரண்டு தடவைக்கு ஒன்று போனது. மூன்று இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது.

ஜூன் 26, திங்கள்

குப்பைக் கூடையில் ஒரு துண்டுச் சீட்டு. ஜெபசிங் கையெழுத்து. 9 என்று போட்டு வட்டம், கீழே 6.9, 7.1. அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல், பதிவேட்டில் ஏற்றாமல் ஓட்டியிருக்கிறார். தன் தப்பை மறைக்க எண்ணை இறக்கிப் பார்த்திருக்கிறார், இறங்கவில்லை. சீட்டை இந்த டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆதாரம்.

தனித்தனிக் குழாயில் எப்படி ஒரே அளவு வருகிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அரிசியும்பருப்புச் சாதத்துக்குத் தாளிக்க நேரமாகிவிட்டது.

ஜூலை 3, திங்கள்

டாக்டர் ரெஹானா இன்றைக்கு ஸ்டாஃப் பெண்கள் எல்லோருக்கும் பரிசோதனை வைத்தார். ஆளுக்குப் பத்து நிமிடம். எல்லோரும் சிரித்துக்கொண்டே போய் வந்தார்கள். நான் போகவில்லை. மைனஸ் எண்பதை யார் பார்ப்பது? நான் எழுந்து போனால் ஜெபசிங்குக்கு வசதியாகப் போய்விடும்.

"பூங்கோதை, நீங்க மட்டும் வரலையே?" என்று டாக்டர் கேட்டார்.

"போன வருஷந்தான் வெளியில பாத்தேனுங்க மேடம். எல்லாம் நல்லாயிருக்குன்னாங்க."

"எங்க பாத்தீங்க?"

"கோயமுத்தூர்லங்க."

கோயமுத்தூரில் எங்கே என்று கேட்கவில்லை. நல்லவேளை.

ஜூலை 5, புதன்

இது புதுசு. காலையில் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஜெபசிங் என்னுடைய ஸ்டூலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்டூல் பக்கத்திலேயே தூசியோடு கிடக்கிறது. என்னுடையதை ஏன் துடைக்க வேண்டும்? துடைத்த பஞ்சைச் சுருட்டி, லேப் கழிவு போடும் மஞ்சள் பையில் அடியில் தள்ளிவிட்டார். கேட்டதற்கு, "சும்மாக்கா, ரீஏஜென்ட் சிந்திட்டு" என்கிறார். என் இடத்தில் இவர் என்ன ரீஏஜென்டைச் சிந்தினார்? எதற்கு என் இடத்துக்கு வந்தார்?

இன்றைக்கு முழுதும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. மடியில் கனம் இருக்கிறது.

ஜூலை 10, திங்கள்

இடது செருப்பு மட்டும் இறுக்குகிறது. மழையில் நனைந்து தோல் சுருங்கியிருக்கும். வெந்தயத் தண்ணீர் குடிக்கிறேன். எல்லாம் சூடு.

ஜூலை 14, வெள்ளி

டாக்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் ஜெபசிங்கும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் என்னிடம், "உடம்பு இளைச்சிட்டீங்களே பூங்கோதை?" என்றார். பேச்சை மாற்றுகிற வித்தை எனக்குத் தெரியாதா?

ஜூலை 17, திங்கள்

ஆறு வாரம் கழித்து ஸ்டாஃப் ரத்தத்தை இரண்டாம் தடவை எடுப்பது திட்டத்திலேயே உண்டு. இன்றைக்கு எடுத்தார்கள். அதே எண்கள்தான். நர்ஸ் லேபிள் ஒட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தத் தடவை நானே ஓட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஜெபசிங் அறைக்குள்ளேயே வரக்கூடாது. பார்த்துவிடுவோம் ஒரு கை.

ஜூலை 19, புதன்

புது கிட். புது பிப்பெட் டிப். இரண்டு கையுறை, இரண்டு மாஸ்க். வாயைத் திறக்கவில்லை, இருமல் வந்தபோது வெளியே போய் இருமிவிட்டு வந்தேன். ஜெபசிங்கை நடையில் உட்கார வைத்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினோரு பேருக்கு ஒன்றுக்குக் கீழே.

எஸ்-9: 9.3.

மிஷின் கோளாறு என்று இன்னொரு தடவை ஓட்டினேன். 9.3.

பதிவேட்டில் எண்ணை வேறு கட்டத்தில் எழுதி அடித்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால்தான். எப்படிச் செய்தார் இந்த ஆள்? ராக்கில் குழாய்களை அடுக்கியபோது ஏதோ செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரைசலில். இல்லாவிட்டால் எப்படி? எப்படி ஏறும்? ஆறு வாரத்தில் எப்படி இவ்வளவு ஏறும்?

ஜூலை 20, வியாழன்

நிர்வாக அலுவலரிடம் புகார் கொடுத்தேன். இரண்டு பக்கம். தேதிகள் இந்த டைரியிலிருந்து எடுத்தவை. குளிர்பெட்டி, சீட்டு, ஸ்டூல், எல்லாம். இவர் கை பட்டால் ஆராய்ச்சியே பாழ் என்று முடித்திருக்கிறேன். "அப்போ முப்பத்தொண்ணோட நிறுத்திடலாம்" என்றார் அலுவலர், தலையைத் தூக்காமலே.

வெற்றிதான். சோறு இறங்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

டாக்டர் ரெஹானா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். ஜெபசிங் கையில் ஒரு தாள். வேண்டுமென்றே எஸ்-3-ன் மிச்ச சீரத்தை மூன்று குழாயாகப் பிரித்து, வெறும் விரலால் தொட்டு ஓட்டியிருக்கிறார். ஒன்றில் 4, ஒன்றில் 31, ஒன்றில் அளக்கவே முடியாத அளவு.

"என் கைபட்டா இப்படித்தான் மேடம் தாறுமாறா வரும்" என்றார். "ஒன்பதுல மூணு குழாய்லயும் ஏழுதான். எந்த வேகத்துல செதில் விழுந்தாலும் எல்லாத்துலயும் ஒரே அளவா விழுமா?"

"மதியத்தில ஒளிச்சு ஓட்டுனதுக்கு என்ன பதில்?" என்று கேட்டேன்.

"நிச்சயமாத் தெரியாம யாரையும் பயமுறுத்தக் கூடாதுன்னு நெனச்சேங்க்கா. டாக்டருக்குச் சொல்லிட்டுத்தான் ஓட்டினேன்."

யாரையும் என்றால் யாரை? நான் கேட்கவில்லை.

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இது குழாய்ல இருக்கிற தப்பு இல்ல. அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரங்க உடம்புல இருக்கு. ஆறு வாரத்துல ஏறவும் செய்யுது. வெள்ளிக்கிழமை கவரைப் பிரிக்கப் போறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வந்ததோ! பிரிக்கக் கூடாது, விதி இருக்கிறது, நெறிமுறைக் குழுவைக் கேட்க வேண்டும், ஸ்டாஃபின் ரகசியம் என்ன ஆவது என்று மூச்சு விடாமல் பேசினேன். இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபசிங்கின் வேலை என் புகாரால் போகப்போகிறது. அந்த மனிதர் என்னைக் கோபமாகப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

லேபில் நானும் ஜெபசிங்கும் மட்டும் இருந்தோம். அவர் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தன் கப், தன் சோரியாசிஸ் களிம்பு, பிள்ளைகள் வரைந்து கொடுத்த ஒரு படம்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"அன்னைக்கு உங்க ஸ்டூலத் தொடச்சேன்லா. ரீஏஜென்ட் இல்லக்கா அது."

நான் எழுந்துவிட்டேன். எழுந்ததும் திரும்பி ஸ்டூலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஒன்பது யாருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா ஸ்டூல் யாருதுன்னு தெரியும். நாலஞ்சு தரம் தொடச்சிட்டேன். நீங்க பாத்தா சங்கடப்படுவீங்கன்னுதான் வெள்ளனவே வந்து தொடப்பேன்."

"வெளியில போங்க" என்று கத்தினேன். "இங்கிருந்து போங்க! ஒரு பொம்பளைகிட்டப் பேசற பேச்சா இது?"

போனார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிவிட்ட பெண்ணுக்கு ரத்தம் பட்டால் என்ன அர்த்தம் என்று கேம்ப் கேம்பாகப் போய்ச் சொன்னவள் நான். எந்த ஊர்ப் பெண் "சூடுங்க" என்று சொன்னாலும், "சூடும் இல்ல மண்ணும் இல்ல, வாம்மா டெஸ்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான். எனக்கு ஜனவரியிலிருந்து படுகிறது. கோயமுத்தூரும் பொய், டிக்கும் பொய்.

டாக்டர் ரெஹானா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கவரைப் பிரிக்க வேண்டாங்க மேடம்" என்றேன். "என்னைப் பாத்துருங்க."

கைப்பையைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

ஜூலை 28, வெள்ளி

நேற்றுப் பார்த்தார், இன்றைக்குச் சதைத் துண்டு எடுத்தார். முடிவு வரும் முன்பே அவர் முகத்தில் தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று வருடமாக டாக்டர்களின் முகத்தைப் பார்க்கிறேன்.

கிளம்பும்போது என் இடது காலைப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"இது எத்தனை நாளா?"

"செருப்புதானுங்க மேடம் இறுக்குது…" என்று ஆரம்பித்தேன். அழுதுவிட்டேன். அவர் என் காலை விடவில்லை.

ஜூலை 31, திங்கள்

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் கொண்டு போனேன். ஃபைல் மேலே போய்விட்டதாம். காரணம் இல்லாமல் திரும்பப் பெற முடியாதாம்.

"என்ன காரணம்னு எழுதறதும்மா?" என்றார் அலுவலர்.

ஏதாவது ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். பழக்கம்தானே. ஆனால் பொய்யால்தான் அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பதாம் எண் ரத்தம் என்னோடதுங்க. எனக்கு நோய் இருக்குது. பரிசோதனை பண்ணாமயே பண்ணிட்டேன்னு படிவத்தில டிக் போட்டேன். அவர் கைல ஒரு தப்பும் இல்லீங்க. இதையே எழுதிக்குங்க."

அலுவலர் இப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். எனக்கு மெமோ வரும். வரட்டும். ஜெபசிங்குக்கு ஆறு மாதம் நீட்டித்துச் சாயங்காலம் உத்தரவு வந்தது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போகலாம் என்று வீட்டுக்காரர் பூ, பழம் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து அந்தப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். இடது பக்கம் இரண்டு முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறது. இடுப்புக்கு மேலே போகவில்லை. ஆபரேஷன் இல்லை, ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை வைப்பார்கள், கூடவே வாரம் ஒரு ஊசி மருந்து. பிறகு உள்ளே வைத்தும் சில தடவை கொடுப்பார்கள். ஜனவரியிலேயே வந்திருந்தால் பரவுவதற்கு முன்பே பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

"ஏம்மிணி, ஊருப் பொம்பளைங்களுக்கெல்லாம் நீ…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லோ" என்றார்.

"உங்ககிட்டச் சொன்னா உண்மையாயிருமுங்களே" என்றேன்.

கூடுதுறைக்குப் போனோம். தண்ணீர் நிறைய வந்திருந்தது. அவர் என் இடது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

நாளைக்குச் சிகிச்சை ஆரம்பம். அதற்கு முன்பு ஆராய்ச்சிக்கு என் ரத்தம் வேண்டும், இந்தத் தடவை நோயாளிகள் வரிசையில். கையெழுத்துப் போட்டேன். படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் போட்டேன்.

நர்ஸ் விடுப்பு. ஜெபசிங்தான் எடுத்தார். கையுறைக்குள் அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"தம்பி, நான் எழுதுன புகாரை மனசுல வெச்சுக்காதீங்க."

"மனசுல வச்சிருந்தா உங்க கையில ஊசியக் குத்துவேனாக்கா? கழுத்துலதான் குத்துவேன்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

குழாயில் லேபிளை ஒட்டிவிட்டு உள்ளங்கையால் மறைத்தார். "நம்பரப் பாக்கக் கூடாதுக்கா. ரூல்ஸ்."

பார்த்துவிட்டேன். பி-64.

ஜூன் ஐந்தாம் தேதியும் பார்த்தேன். அன்றைக்கு நர்ஸ் ஒட்டும்போதே பார்த்தேன். ஒன்பது.